எலினார் ஓடிய 40 நிமிடம்

கார் துரத்தல் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது ‘புல்லிட்’. 1968-இல் ஸ்டீவ் மெக்குவீன் சான் பிரான்சிஸ்கோவின் மேடு பள்ளங்களில் மஸ்டாங் காரை விரட்டி ஓட்டிய அந்தப் பத்துச் சொச்சம் நிமிடத்துக்கு ஈடு இல்லை என்பார்கள். ஓட்டத்தின் அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அலமாரியில் ஒரே ஒரு துரத்தல் படத்துக்குத்தான் இடம் உண்டு என்றால், நான் எடுத்து வைப்பது 1974-இல் வந்த ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’. நிக்கோலஸ் கேஜ் நடித்து 2000-இல் வந்தது அல்ல, அதற்கு மூலமான படம்.

எழுதியது, தயாரித்தது, இயக்கியது, கதாநாயகனாக நடித்தது, காரை ஓட்டியது எல்லாம் ஒரே ஆள்: எச்.பி. ஹாலிக்கி. கலிபோர்னியாவில் பழைய கார்களை வாங்கி உடைத்து விற்கும் தொழில் செய்தவர். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. படத்தில் வரும் போலீஸ் கார்களை லாஸ் ஏஞ்சலிஸ் நகர ஏலத்தில் சராசரியாக 200 டாலருக்கு வாங்கினார். நடித்தவர்களில் பலர் அவருடைய நண்பர்களும் உறவினர்களும்தான். கார்சன் நகர மேயர்கூட மேயராகவே வந்து போகிறார். முழுத் திரைக்கதை என்று ஒன்று அவரிடம் இருந்ததில்லை.

அந்தக் குறை முதல் ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஐந்தே நாளில் 48 கார்களைத் திருடித் தர வேண்டும் என்பது கதை. பேசுகிறவர் முகமே தெரியாமல் வசனம் மட்டும் ஓடுகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பது பிடிபடவே நேரமாகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மஞ்சள் மஸ்டாங் ஒன்று லாங் பீச் நகரத் தெருவுக்குள் பாய்கிறது. பெயர் எலினார். படத்தின் தொடக்கத்தில் நட்சத்திரமாகப் பெயர் போடப்படுவது இந்தக் காருக்குத்தான். 1971 மாடலை 1973 மாடல் போலத் தோற்றம் மாற்றியிருந்தார்கள். அழகாகக் காட்ட ஒரு வண்டி, அடிபட இன்னொரு வண்டி, மொத்தம் இரண்டே இரண்டு. அடிபட்ட வண்டிக்குள் இரும்புக் கூண்டு பொருத்தியிருந்தது. துரத்தல் ஏறக்குறைய 40 நிமிடம். படம் முழுவதும் சேர்த்து 93 கார்கள் நொறுங்குகின்றன.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியம் வேறொன்று. ‘புல்லிட்’டைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே பச்சை வோக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள், வில்லன்களின் சார்ஜர் காரிலிருந்து நான்குக்கும் மேலான சக்கர மூடிகள் கழன்று விழும். எலினாரிடம் அந்தப் பூச்சு வேலை இல்லை. வாங்கிய அடி அடுத்த காட்சியிலும் உடம்பில் இருக்கிறது. கதவு நசுங்குகிறது, முகப்பு சிதைகிறது, வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஐந்து செட் ஆடிக் களைத்த டென்னிஸ் வீரரின் கால்களைக் கவனிப்பது போல இந்தக் காரின் சக்கரங்களைக் கவனிக்கலாம்.

ஹாலிக்கி நேர்த்தியான ஓட்டுநர் அல்ல. முன்பாரம் மிகுந்த வண்டி, பின்னால் பட்டை ஸ்பிரிங். திருப்பத்தில் மூக்கு வெளியே போகிறது, வால் அலைகிறது. அவர் மிதித்த காலை எடுப்பதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து கிளைச் சாலைக்கு விலகும்போது மணிக்குச் சுமார் 100 மைல் வேகத்தில் இன்னொரு கார் பின்னால் உரச, எலினார் சுழன்று விளக்குக் கம்பத்தில் மோதுகிறது. அது திட்டமிட்ட காட்சி அல்ல, நிஜ விபத்து. நினைவு திரும்பியதும் கேமராவில் பதிவானதா என்றுதான் அவர் கேட்டாராம். அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது.

கடைசித் தாவலை ஒவ்வொரு நொடியாக நிறுத்திப் பாருங்கள். உயரம் 30 அடி, தூரம் 128 அடி. எஞ்சின் பாரத்தால் மூக்கு தாழ்ந்து தரையில் குத்துகிறது. இரும்புக் கூண்டு கூரையைத் தாங்கும். இருக்கை வழியாக ஏறும் அதிர்ச்சியைத் தாங்காது. அதை வாங்கியது ஓட்டுநரின் முதுகெலும்பு, பத்து முள்ளெலும்புகள் நசுங்கின. ஒரு காட்சிக்காக எந்த மனிதரும் இந்த விலை கொடுக்கக் கூடாது என்று உறுதியாக நம்புகிறேன். 1989 ஆகஸ்ட் 20-இல், இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பில், சாய்க்கவிருந்த தண்ணீர்த் தொட்டியின் கம்பி அறுந்து, அது முறித்த தொலைபேசிக் கம்பம் விழுந்து ஹாலிக்கி இறந்துபோனார். இப்படி ஒரு படம் இனி எடுக்கப்படாது, எடுக்கப்படவும் வேண்டாம். எடுக்கப்பட்ட ஒன்றைப் பத்திரப்படுத்துவதுதான் அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

வட்டு வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2000-இல் வந்த டிவிடியில் பழைய இசையை நீக்கிப் புதிய இசையையும் ஒலிகளையும் சேர்த்துவிட்டார்கள். படம் துலக்கமாகத் தெரிகிறது, ஆனால் 1974-இன் காதுகள் கேட்டது அது அல்ல. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பழைய வீடியோ கேசட்டும் அதை ஓட்டும் கருவியும் கிடைத்தால் விடாதீர்கள்.

கதைக்காகப் படம் பார்ப்பவர் ஒரு முறை இரவல் வாங்கிப் பார்த்தால் போதும். வண்டி ஓட்டுவதை ஒரு விளையாட்டாக ரசிப்பவர் என்றால் சொந்தமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை லாங் பீச்சிலிருந்து தொடங்குங்கள்.