லாராவுக்கு வசனம் இல்லை

நெட்ஃபிளிக்ஸின் முன்னாள் மனிதவளத் தலைவர் பேட்டி மெக்கார்ட் எழுதிய கட்டுரை, ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவின் 2014 ஜனவரி-பிப்ரவரி இதழில் வந்தது. படித்த அன்றைக்கே டீமில் எல்லோருக்கும் ஃபார்வர்ட் செய்தேன். லீவுக்குக் கணக்கு கிடையாது. செலவு செய்வதற்கு, கம்பெனிக்கு நல்லது எதுவோ அதைச் செய் என்று ஒரே வரியில் விதி. வருடாந்திர அப்ரைசல் சடங்கும் கிடையாது. எங்கள் ஆபீஸில் ஆட்டோ பில்லுக்கு மூன்று பேர் கையெழுத்து வாங்கிய காலம் அது. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

போன மாதம் அதை மறுபடி எடுத்து வாசித்தேன். முதலில் கட்டுரையைப் பார்ப்போம். என் கதை பிறகு.

2001ல் நெட்ஃபிளிக்ஸ் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அனுப்பியது. மிச்சம் இருந்தவர்களில் ஜான் என்று ஒரு இன்ஜினியர். கூட இருந்தவர்கள் போன பிறகுதான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று அவர் சொன்னதை மெக்கார்ட் நேரடிப் பேச்சாகவே தருகிறார். கட்டுரையின் அஸ்திவாரம் அந்த உரையாடல். திறமைசாலிகளை மட்டும் வைத்துக்கொண்டால் விதிகள் தேவையில்லை என்பதுதான் வாதம்.

அடுத்து வருபவர் லாரா, கணக்கு எழுதுகிறவர். எந்தப் படம் எத்தனை தடவை வாடகைக்குப் போனது என்று பிசகாமல் பதிவு செய்யும் முறையை உருவாக்கியவர். அதை வைத்துத்தான் உரிமையாளர்களுக்கு ராயல்டி சரியாகப் போனது. படம் அடுத்தவருடையது எனும்போது ஊடகத் தொழிலில் இந்தக் கணக்குதான் உயிர்நாடி. கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனதும் பெரிய படிப்புள்ள கணக்காளர்கள் தேவைப்பட்டார்கள். லாராவிடம் இருந்தது கம்யூனிட்டி காலேஜ் படிப்பு. உட்கார வைத்து உண்மையைச் சொல்லி, தாராளமாகப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு வருத்தம்தான், ஆனால் புரிந்துகொண்டார் என்று முடிகிறது அந்தப் பத்தி.

புரிந்துகொண்டார் என்று சொல்வது யார்? அனுப்பியவர். வேலையில் நீடித்த ஜானுக்கு வசனம் இருக்கிறது. வேலை போன லாராவுக்கு ஒரு வசனம் இல்லை. கட்டுரையின் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். நேர்மையாகப் பேசுவதைக் கொண்டாடும் கட்டுரையில், பேசுவது ஒரு பக்கம் மட்டும்.

மெக்கார்ட் சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. மரியா என்று ஒரு டெஸ்டர். கையால் சோதிப்பதில் கெட்டிக்காரர். ஆட்டோமேஷன் வந்ததும் தடுமாறினார். அவரை முன்னேற்றத் திட்டம் என்ற பெயரில் பேப்பரில் போட்டு மாதக்கணக்கில் தோற்க வைப்பது பொய் என்கிறார் மெக்கார்ட். உண்மைதான், ஐடியில் இருக்கும் யாருக்கும் அந்த நாடகம் தெரியும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் இஎம்ஐ கட்டி, ஏழெட்டு இன்டர்வியூ போய் வேறு இடம் பிடித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். விதியின் மந்தம் சிலருக்கு அவகாசம்.

நெட்ஃபிளிக்ஸ் பிறகு படம் எடுக்கவும் இறங்கியது. அந்த உலகம் முழுக்க விதிதான். ஹாலிவுட் நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாட்டு இடைவேளை விடாவிட்டால் அபராதம், தாமதம் ஏற ஏறத் தொகையும் ஏறும். 2023ல் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து கேட்டதும் விதிகளைத்தான். ஒரு தொடருக்குக் குறைந்தபட்சம் இத்தனை எழுத்தாளர், ஏஐ பயன்பாட்டுக்கு வரம்பு, பார்வைக் கணக்கைக் காட்டு. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். லாரா ஒரு காலத்தில் செய்த வேலைதான் அது!

மெக்கார்ட் தலைவர். கீழே ஒரு எச்.ஆர். ஜெனரலிஸ்ட் இருப்பார். ஆள் எடுப்பது, பி.எஃப்., லீவு, புகார், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், கடைசி நாள் கடிதம் எல்லாம் அவர் தலையில். கட்டுரையில் அவருக்கு இடமே இல்லை.

இனி என் கதை. நான் வேலை பார்த்த ஒரு மீடியா கம்பெனியின் டெக்னாலஜி பிரிவில் ஆள் குறைப்பு நடந்தது. என் டீமின் டெஸ்டரை அழைத்தார்கள். லீட் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எச்.ஆர். பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், கடிதத்தை வாசித்தார். டெஸ்டர் என்னைப் பார்த்து, "அண்ணா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார். தெரியும். நான் மேசையைப் பார்த்தேன்.

எச்.ஆர். பெண்தான் பேசினார். "அம்மாவுக்கு ஆபரேஷன்னு சொன்னீங்கல்ல? ரிலீவிங் தேதியை மாசக் கடைசிக்குத் தள்ளிடறேன். அதுவரைக்கும் இன்சூரன்ஸ் ஓடும். பாலிசியில அதுக்கு இடமிருக்கு."

பாலிசியில் இடமிருந்தது. முந்தைய நாள் இரவு உட்கார்ந்து அதைத் தேடி எடுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. விதியே இல்லாத கம்பெனியில் அந்தப் பெண் எதைக் காட்டி மேலே கேட்டிருப்பார்? மேலே இருப்பவரின் நல்ல மனசை நம்பித்தான் கேட்க வேண்டும். சுதந்திரம் என்று நான் 2014ல் வாசித்தது, கேட்கும் இடத்தில் இருப்பவருக்குச் சுதந்திரம் இல்லை.

2012ல் மெக்கார்டும் நெட்ஃபிளிக்ஸை விட்டு வெளியேறினார். அனுப்பியது தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ்தான். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்பதையும் அவர் இந்தக் கட்டுரையில் எழுதியிருந்தால், லாராவின் பக்கம் கொஞ்சமாவது வந்திருக்கும்.

இன்றும் படிக்க வேண்டிய கட்டுரைதான் அது. யார் பேசுகிறார்கள், யாருக்காக இன்னொருவர் பேசுகிறார் என்று பார்த்துக்கொண்டே படியுங்கள். பழைய மெயிலைத் தேடிப் பார்த்தேன். நான் ஃபார்வர்ட் செய்ததற்கு "சூப்பர் அண்ணா" என்று முதலில் பதில் போட்டிருந்தது அந்த டெஸ்டர்.