இரட்சணிய யாத்திரிகத்தில் காலந்தாழ்த்தல்

கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுவர். அது சான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலின் தழுவல் என்பது ஒன்று. அதன் செய்யுள்களிற் கம்பன் மணம் கமழ்கின்றது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் 1894இல் நூலுருப்பெற்ற அக்காப்பியத்தின் உயிர்நிலை அவற்றில் இல்லை. திருந்த வேண்டும் என்று தெளிவாக அறிந்தவன் அதனை ஏன் ஒத்திப்போடுகின்றான் என்னும் வினாவே அதனை இயக்குகின்றது என்பது என் கருத்து.

இவ்வினா கிறித்தவ உலகிற்குப் பழையது. உரோமப் பேரரசர் கான்சுடன்டைன் திருமுழுக்குப் பெற்றது 337இல், மரணப் படுக்கையில். அகுசுதீனாரோ, இளமையில் தூய வாழ்வை இறைவனிடம் கேட்டுக்கொண்டே, அது உடனே கிட்டிவிடுமோ என்று அஞ்சியதையும் மறைக்காமல் எழுதிவைத்தார். நம் வள்ளுவரும் காலம் நீட்டித்தலை மறதி, சோம்பல், உறக்கம் ஆகியவற்றோடு சேர்த்தே எண்ணினார்.

பனியன் இதனை நுட்பமாகக் காட்டும் இடம் ஒன்றுண்டு. கடினமான மலையொன்றில் ஏறும் பயணி, பாதி வழியில் ஒரு நிழற்பந்தரில் அமர்ந்து உறங்கிவிடுகின்றான். கையிலிருந்த உறுதிச்சுருள் நழுவி விழுகின்றது. அதை அவன் உணர்வது மலையுச்சியை அடைந்த பின்னர். நடந்த வழியையே மீண்டும் நடக்க வேண்டியதாகின்றது. அப்பந்தரை அமைத்தவன் பகைவன் அல்லன் என்பதை மாணவர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும். வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கென மலைக்குரிய ஆண்டவனே அமைத்தது அது. ஒத்திப்போடுவோனைப் பிடித்துவைப்பது எப்போதும் தீமையன்று. நல்லதொன்றில் மிகுதியாகத் தங்கிவிடுதலும் அவனைப் பிடித்துவைக்கும்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை முதலிய கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்கு இப்பந்தர் புதியதன்று. வாடகையில்லா லயத்து வீடும், பழகிய பால்மரக் காடும், சம்பள நாளின் கள்ளுக்கடைக் கூட்டமும் எத்தனை பேரை ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல வைத்தன! தீபாவளி கழியட்டும், மகள் திருமணம் முடியட்டும் என்று தவணைகள் நீளும். ஆனால் அதே மக்கள், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்தனர். தனியொருவனாக விட முடியாததைக் கூட்டமாக விடத் துணிந்தனர் எனலாம். சோம்பல் என்னும் ஒரே சொல்லால் இதனை விளக்கிவிட இயலாது.

கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் இவ்வாறே. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்த அவர், 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். கிறித்தவச் சூழலில் ஐந்தாண்டு கழிந்தது. தம்பி முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றுவிட்டார். அவரோ 1858இல் சென்னைக்குச் சென்றே அதனைப் பெற்றார். குடியும் குலமும் உறவும் எத்துணை இறுகப் பற்றியிருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இங்கேதான் காப்பியத்தின்மேல் எனக்கொரு குறை. பனியனின் தலைமகன் மனைவி மக்கள் அழைக்க அழைக்கக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். தம் வாழ்வில் அவ்வாறு ஓடாத புலவர், அக்கதையையே தம் காப்பியத்துக்கு அடிப்படையாகக் கொண்டார். பனியனிடம் இல்லாத இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடத் துணிந்தவர்க்கு, வீட்டு வாசலில் தயங்கும் ஒருவனைப் புதிதாகப் படைப்பது அரிதன்று. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களில், தம் தயக்கத்துக்கு அவர் முழு இடம் தரவில்லை. (கம்பனைப் பின்பற்றிய வருணனைகளுக்கோ தாராளமாகவே இடம் தந்தார்!)

அத்தயக்கத்தைத் தேடுவோர், தாம் கிறித்தவரான வரலாற்றை அவர் உரைநடையில் எழுதிய சிறுநூலுக்குச் செல்லுதல் வேண்டும். காப்பியத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் அச்சிறுநூலை முதலில் வகுப்பில் படித்துக் காட்டட்டும். அதன்பின், காதைப் பொத்தி ஓடும் காட்சியை மாணவர்கள் அத்துணை விரைவாகக் கடந்துவிட மாட்டார்கள்.