ஷாஜாதா கண்ட மறைநூல்

பேரரசர் ஷாஜஹானின் மூத்த மைந்தர் தாரா ஷிகோஹ், காசிப் பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் துணைக்கொண்டு, ஏறத்தாழ ஐம்பது உபநிடதங்களைப் பார்ஸி மொழியிற் பெயர்த்து 1657-ஆம் ஆண்டில் நிறைவு செய்த நூல் ‘ஸிர்ரெ அக்பர்’. 1659-இல் தம்பி ஆலம்கீரின் ஆட்சியில் அன்னார் கொல்லப்பட்டார். அம்முடிவைக் கொண்டு நூலை இகழ்வோர் உளர். அதன் பொருட்டே புகழ்வோரும் உளர். நாம் இரு சாராரையும் விடுத்து நூலுக்குள் நுழைவோம்.

முன்னுரையிலேயே இடர்ப்பாடு தொடங்கிவிடுகிறது. திருக்குர்ஆனின் வாகிஆ அத்தியாயத்தில் வரும் ‘கிதாபிம் மக்னூன்’, அதாவது மறைத்துக் காக்கப்பட்ட ஏடு, உபநிடதமே என்கிறார் ஷாஜாதா. இறக்கியருளப்பட்டது எனப் பொருள்படும் ‘தன்ஸீல்’ என்னும் சொல் பின்னர் வருவதால், அவ்வேடு லவ்ஹுல் மஹ்ஃபூளாக இருக்கவியலாது என்பது அவர் வாதம். நஹ்வு ஓதும் மாணவனே இதற்கு விடை சொல்லிவிடுவான். ‘கிதாப்’ அங்கே ஜர்ரு பெற்று நிற்கிறது. ‘தன்ஸீல்’ ரஃப்உ பெற்று நிற்கிறது. ஒன்று மற்றதற்கு அடைமொழியாக வழியே இல்லை. இறக்கியருளப்பட்டதாகச் சொல்லப்படுவது குர்ஆன்; ஏடு அன்று.

இலக்கண வழுவினும் நம்மை உறுத்துவது வேறொன்று. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர், மைந்தன் சுவேதகேதுவை நீரில் உப்பையிடச் செய்து, மறுநாட் காலை மேலும் நடுவும் அடியும் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார். கண்ணுக்குப் புலனாகாத உப்பு எங்கும் கரிக்கிறது. உள்பொருளும் அவ்வாறே எங்கும் நிறைந்தது, மைந்தனும் அப்பொருளே என்பது போதனை. உபநிடதங்களைத் தவ்ஹீதின் புதையல் என்கிறார் ஷாஜாதா. நாம் ஓதிய தவ்ஹீதிலோ படைத்தவன் வேறு, படைப்பு வேறு. ஸூஃபியாக்களின் ‘ஃபனா’வை ஒப்பிடலாமே எனின், அதுவும் பொருந்தி வரவில்லை. ஃபனா அடியான் பாடுபட்டு எய்தும் நிலை. சங்கரர் வழியில் அவ்வொருமை புதிதாக எய்தப்படுவதன்று. என்றும் உள்ளது, அறியாமை நீங்கத் தோன்றுவது. அதே வாசகத்திற்கு ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமானுசர் உடல், உயிர் உறவை வைத்துப் பொருள் கண்டார்; மத்துவரோ சொற்களை வேறாகப் பிரித்து, வேற்றுமையையே கண்டார். வேதாந்திகளே தலைமுறை தலைமுறையாக வழக்காடிய இடத்தை ஷாஜாதா ஒரே சொல்லால் மூடிவிட்டார்!

11-ஆம் நூற்றாண்டில் ‘கிதாபுல் ஹிந்த்’ யாத்த அல்பிரூனி அவர்கள், ஸமஸ்கிருதச் சொற்களை அரபு எழுத்திலேயே நிறுத்தினார்கள். கிரேக்கரோடும் ஸூஃபியாக்களோடும் ஒப்பு நோக்கியும், இது இந்துக்களின் கூற்று என்று சொல்லி விலகி நின்றார்கள். அவ்விலகலில் மரியாதை மிகுதி என்பது நம் கருத்து.

ஷாஜாதாவின் அன்பை நாம் ஐயுறவில்லை. அவர் உழைப்பினாலன்றோ பிரெஞ்சு அறிஞர் ஆங்க்தில் துய்பெரோன் அந்நூலை 1801–1802-இல் இலத்தீனில் வெளியிட முடிந்தது? ஜெர்மானிய மெய்யியலார் ஷோப்பன்ஹவர் போற்றிப் பயின்றது அவ்விலத்தீன் நூலையே. முனிவர் மொழி எது, சங்கரர் உரை எது, ஷாஜாதாவின் விளக்கம் எது என்று பிரித்துக் காட்டாத பிரதியே அவர் கைக்குச் சென்றது.