அசீமா சட்டர்ஜியும் "முதல் பெண்" பட்டியலும்

அசீமா சட்டர்ஜி (1917–2006) பற்றி வரும் குறிப்புகள் பலவற்றையும் வரிசையா வாசிச்சேன். எல்லாம் ஒரே அச்சு. இந்தியப் பல்கலைக்கழகத்தில் அறிவியலில் டி.எஸ்சி. பெற்ற முதல் பெண் (கல்கத்தா, 1944), பட்நாகர் பரிசு பெற்ற முதல் பெண் (1961), இந்திய அறிவியல் காங்கிரஸின் முதல் பெண் தலைவர் (1975). எல்லாம் உண்மைதான். ஆனா ஆய்வகத்துல அவங்க என்ன செஞ்சாங்க? அது ஒரு வரியில் முடிஞ்சிடுது.

அந்த ஒரு வரியும் சில இடங்களில் தப்பா இருக்கு. "நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்தைக் கண்டுபிடித்தவர்" என்கிறார்கள். அந்தச் செடியில் வின்பிளாஸ்டினைப் பிரித்து 1958-இல் அறிவித்தது கனடாவில் ராபர்ட் நோபிளின் குழு. அசீமா செய்தது அந்த வகை ஆல்கலாய்டுகளின் வேதியியல். அடுத்தவர் வேலையை இவர் தலையில் கட்டினால், இவருடைய சொந்த வேலை மறைஞ்சு போகும்.

அந்த வேலை சாதாரணமில்லை. செடியைக் காயவெச்சு, பொடிச்சு, கரைப்பானில் ஊறவெச்சு, அதிலிருக்கும் பல பொருள்களில் ஒன்றைத் தனியாப் பிரிக்கணும். என்.எம்.ஆர். கருவி பரவலாக வராத காலம். சேர்மத்தை வேதிவினைகளால் உடைச்சு, துண்டுகளை வெச்சு முழு அமைப்பையும் ஊகிக்கணும். சர்ப்பகந்தி ஆல்கலாய்டுகளில் அவர் செய்தது இதைத்தான்.

வலிப்பு நோய்க்கான ஆயுஷ்-56 கதை நமக்கு இன்னும் கிட்ட. அதன் மூலிகைகள் சடாமாஞ்சிலும், ஆரைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு நீர்ப்பெரணியும். மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் நெல்வயல்ல களைன்னு பிடுங்கிப் போடுறோமே, அந்த நாலு இலைச் செடியோட குடும்பம்.

இந்தக் குறிப்புகளில் எனக்குள்ள பெரிய குறை வேற. அவருடைய ஆசிரியப் பணியை ஓரமா ஒதுக்கிடறாங்க. 1940-இல் லேடி பிரபோர்ன் கல்லூரியில் வேதியியல் துறையைத் தொடங்கினார். 1962 முதல் 1982 வரை கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கைரா பேராசிரியர். மருந்து ஆய்வு மாணவர்களோடு சேர்ந்து பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடந்தது. சத்யேஷ் பக்ராஷியோடு எழுதிய இந்திய மருத்துவத் தாவர நூல் மட்டும் ஆறு தொகுதி. பாடம், ஆய்வு, நூல் மூன்றும் ஒரே வேலையின் பகுதிகள்.

திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கம் பார்மசி படிக்கிற பெண்கள் "கம்பெனிக்குப் போறதா, காலேஜ்ல பாடம் எடுக்கறதா?"ன்னு கேட்கறாங்க. ரெண்டும் எதிரெதிர் பாதைன்னு நினைக்க வேண்டியதில்லை என்பதற்கு அசீமா நல்ல சான்று. ஆனா அவருக்கு நிலையான பதவி இருந்தது, ஆய்வு மாணவர்கள் இருந்தார்கள். ஆசிரியைக்கு ஆய்வுக்கு நேரமும் தராம, கரைப்பான் வாங்கக் காசும் தராம, மேடையில் மட்டும் "அசீமா மாதிரி வாங்க"ன்னு சொன்னா அது வெறும் பேச்சுங்க. அடுத்த குறிப்பை எழுதறவங்க "முதல் பெண்" பட்டியலைச் சுருக்கி, இந்த வசதிகளைப் பற்றியும் நாலு வரி எழுதட்டும்.