மலிவான பெட்டி, பெரிய நெகட்டிவ்

பழைய குடும்ப ஆல்பங்களில் செருகியிருக்கும் சிறிய சதுரக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டேகால் அங்குலம் இருக்கும். சுற்றிலும் வெள்ளை ஓரம். அவ்வளவு சிறிய படத்தில் அத்தையின் புடவைக் கரைக் கோடும் திண்ணைத் தூணின் மரரேகையும் பிசகாமல் தெரியும். அவற்றில் பல, நெகட்டிவை அப்படியே தாளின் மேல் வைத்து அழுத்தி, விளக்கைப் போட்டு எடுத்த கான்டாக்ட் பிரிண்டுகள். நெகட்டிவ் எவ்வளவோ, படமும் அவ்வளவே. அந்தப் படங்கள் ஆக்ஃபா கிளிக் த்ரீ போன்ற, மாதச் சம்பளக்காரரும் வாங்க முடிந்த பெட்டிகளில் பிறந்தவை.

இப்படிப் பெரிய நெகட்டிவ் தரும் மீடியம் ஃபார்மட் என்றால் இன்று ஹாசல்பிளாட் கேமரா ஞாபகம் வருகிறது, கூடவே அதன் விலையும். ஆனால் அந்த ஃபார்மட்டின் 120 பிலிம் பிறந்த கதை வேறு. 1901இல் கோடக் நிறுவனம் நம்பர் 2 பிரௌனி என்ற கேமராவுக்காகவே அதை உருவாக்கியது. கேமரா ஒரு அட்டைப் பெட்டி. விலை 2 டாலர். ஆகவே மலிவுக் கேமராவில் 120 பிலிம் மாட்டுகிறவர், பெரியவர்கள் வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பதாகக் கூச வேண்டியதில்லை. அந்த வீட்டைக் கட்டியதே அவரைப் போன்றவர்களுக்காக.

சூட்சுமம் பரப்பில் இருக்கிறது. 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 24க்கு 36 மி.மீ. 120 பிலிமில் ஆறுக்கு ஆறு என்று சொல்லும் சதுரம் ஏறக்குறைய 56க்கு 56 மி.மீ. பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். எட்டு அங்குலச் சதுரமாகப் பிரிண்ட் போட வேண்டுமானால் சின்ன நெகட்டிவை எட்டரை மடங்கு நீட்ட வேண்டும். பெரியதற்கு மூன்றரை மடங்குச் சொச்சம் போதும். பிலிமின் குருணை, லென்ஸின் மங்கல், ஃபோகஸின் பிசகு எல்லாம் இந்த மடங்கோடுதான் பெருகும். குறைவாக நீட்டினால் குறையும் குறைவாகத் தெரியும். சுண்ணாம்புச் சுவரில் சாயும் வெயில், கறுப்பிலிருந்து வெளுப்புக்கு ஒரே தாவலாகத் தாவாமல் நடுவில் உள்ள சாம்பல் படிகளிலெல்லாம் நின்று நின்று இறங்கும். லென்ஸ் ஏழையாக இருக்கலாம். நெகட்டிவ் பெரிதாக இருந்தால் பாதி ஏழ்மை மறைந்துவிடும்.

எல்லாவற்றிலும் ஏழை, ஹாங்காங்கில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த ஹோல்கா. பிளாஸ்டிக் உடம்பு, பிளாஸ்டிக் லென்ஸ், ஏறக்குறைய நூறில் ஒரு விநாடி என்று ஒரே ஷட்டர் வேகம். தூரம் வைக்க எண்கள் கிடையாது. ஒரு ஆள், சின்னக் குடும்பம், கூட்டம், மலை என நான்கு பொம்மைகள். வெயில், மேகம் என்று ஒரு விசையும் உண்டு. பழைய ஹோல்காக்களில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றும் மாறாது: விசையை வெயிலில் வைத்தால் வரும் தகட்டின் துளை, உள்ளே நிரந்தரமாக இருக்கும் துளையைவிடப் பெரிது! பிலிமைச் சுற்றாமலேயே மறுபடி அழுத்தலாம். ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழும்.

இந்த விளையாட்டுச் சாமானைப் பெரியவர்கள் வீண் என்று ஒதுக்கவில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நான்சி ரெக்ஸ்ராத் 1977இல் வெளியிட்ட 'ஐயோவா' என்ற நூல், ஹோல்காவுக்கு மூத்ததான டயானா என்ற பிளாஸ்டிக் கேமராவில் எடுத்தது. படங்களில் பெரும்பாலானவை ஓஹாயோவில் எடுத்தவை. ஐயோவா, அவர் சிறுமியாகப் போய்வந்த உறவினர்களின் மாநிலம். ஓர் ஊரை எடுத்து இன்னோர் ஊரின் ஞாபகம் என்று சொல்ல, அந்தக் கலங்கிய லென்ஸ் அவருக்கு உதவியது. பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட், 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் பிரச்சாரத்தில் வேட்பாளர் அல் கோரை ஹோல்காவில் எடுத்த படம், வெள்ளை மாளிகைச் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் போட்டியில் பரிசு பெற்றது.

மங்கலே அழகு என்று இதற்கு அர்த்தமில்லை. ஹோல்கா லென்ஸ் நடுவில் நன்றாக எழுதும், ஓரம் போகப் போகக் குழையும், மூலையில் இருளும். நல்ல ஹோல்கா படம் எடுக்கிறவர் சொல்ல வேண்டியதை நடுவில் வைத்து, மற்றதை இருளுக்கு விட்டுவிடுகிறார். ஒளிக்கசிவு தரும் செந்நிறக் கீற்றுக்காக ஆசைப்படுவது எனக்கு ரசிக்கவில்லை. கறுப்பு டேப்பை ஒட்டி இடுக்குகளை அடைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும்.

அடுத்த படி இரட்டை லென்ஸ் கேமரா. மலிவில் லெனின்கிராட் லோமோ தொழிற்சாலையின் லுபிடெல்; கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தால் நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணங்களுக்குக் கழுத்தில் மாட்டிப்போன யாஷிகா. லுபிடெலின் வியூஃபைண்டர் பளிச்சென்று இருந்தாலும் ஃபோகஸ் தெரிவது நடுவில் ஒரு சின்ன வட்டத்தில் மட்டும்தான். அதற்குப் பொறுமை வேண்டும். லென்ஸோ மூன்று கண்ணாடிகள் கொண்ட உண்மையான லென்ஸ். லென்ஸின் துளையை எஃப் 8, எஃப் 11 என்று மூடினால் விலையை மறந்துவிடலாம். இந்தக் கேமராக்களைக் குனிந்து பார்க்க வேண்டும், காட்சி இடவலம் மாறித் தெரியும். வயிற்று உயரத்திலிருந்து பார்ப்பதால் தொடுவானம் தாழ்கிறது, நிற்கிறவர்கள் நிமிர்கிறார்கள், குழந்தைகளுக்கு அவர்கள் உயரத்திலேயே கண் கிடைக்கிறது. உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்க இதைவிடப் பொருத்தமான உயரம் எனக்குத் தெரியாது.

சட்டைப் பையில் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஆக்ஃபா ஐசலெட், சைஸ் நெட்டார் போன்ற மடக்குக் கேமராக்கள். வாங்கும்போது இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரம் தெரிந்தாலும் படம் போச்சு. ஐசலெட்டின் ஃபோகஸ் வளையம் உள்ளிருக்கும் கிரீஸ் இறுகி அசையாமல் போவது வழக்கம். நம் புழுக்கத்தில் எந்த லென்ஸிலும் முதலில் தேட வேண்டியது பூஞ்சையை. பழைய கோடக் கேமராவில் 620 என்று எழுதியிருந்தால் யோசியுங்கள்: பிலிம் அதே அகலம்தான், ஆனால் சுருளின் தண்டு மெல்லியது. அந்தச் சுருளை 1995இல் நிறுத்திவிட்டார்கள். 120 பிலிமை இருட்டில் அதற்கு மாற்றிச் சுற்றித்தான் போட முடியும்.

பிலிம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும். உச்சி வெயிலுக்கு 100 வேகம், மேகத்துக்கும் நிழலுக்கும் 400. ஹோல்காவில் 400ஐ வெயிலில் போட்டால் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் ஒளி கூடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதையும் தாங்கும், குறைந்தால்தான் தாங்காது. ரோலை நிழலில் மாட்டுங்கள். முதுகில் எண் தெரியும் சிவப்பு ஜன்னல், பிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாத காலத்து ஏற்பாடு; இன்றைய பிலிமுக்குச் சிவப்பும் தெரியும். சுற்றும் நேரம் தவிர அதை மூடியே வைப்பது நல்லது.

செலவு உண்மையில் ஏறுவது ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்ற இடத்தில்தான். அதனால் வீட்டிலேயே கழுவிவிடுங்கள். இருட்டுப் பை, டாங்க், டி-76 டெவலப்பர், ஃபிக்ஸர், தண்ணீர். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். மே மாதம் சென்னைக் குழாயில் வரும் தண்ணீர் 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் நேரம் சுருங்கி, படம் திட்டுத்திட்டாக விழும். ஐஸ் கட்டி போட்ட தொட்டியில் பாட்டிலை நிறுத்தி ஆறவைப்பதே வழி. கழுவியதைத் தாளில் பார்க்க என்லார்ஜர் தேவையில்லை. நெகட்டிவும் தாளும் சேர அழுத்த ஒரு கண்ணாடி, மேலே ஒரு பல்பு, சிவப்பு விளக்கு, மூன்று தட்டு இருந்தால் குளியலறையே லேப். 35 மி.மீ. நெகட்டிவில் இப்படிப் போட்டால் தபால்தலை அளவுதான் கிடைக்கும். இதில் கிடைப்பது கையில் வைத்துப் பார்க்கக்கூடிய படம்.

பத்துப் பதினைந்து ரோல் ஓடிய பிறகு மேலே போவதா என்று யோசிக்கலாம். மூலை மங்கல் உங்களை உறுத்தினால் யாஷிகா பக்கம் போங்கள். எடை உறுத்தினால் மடக்குக் கேமரா. ஒன்றுமே உறுத்தவில்லை என்றால், அந்தப் பணத்துக்கும் பிலிமே வாங்குங்கள்.