தப்படி கேட்ட காதுக்குப் பங்க்

பங்க் ராக் இசையின் இலக்கணம் முழுவதும் ராமோன்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டில் இருக்கிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1976-ல் வெளியிட்ட தட்டு அது. 14 பாட்டுகள்; எல்லாம் சேர்த்தும் அரை மணி நேரம் ஆகாது. பாட்டுக்குச் சராசரி இரண்டு நிமிடம். கபடிக் கணக்கில் சொன்னால் நான்கு ரெய்டு. மூச்சுப் பிடித்து உள்ளே போய் தொட்டுவிட்டுத் திரும்பும் நேரம்தான். ஒரு பாட்டுக்கு மூன்று அல்லது நான்கு கார்டுகளே வரும். கிட்டாரைத் தனியாக வாசித்து வித்தை காட்டும் இடமே அநேகமாகக் கிடையாது. ஜானி ராமோன் தந்திகளை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பார். மேலே ஏறும் கை அடிக்காமல் ஏறும், இறங்கும்போதுதான் அடி விழும். இப்படி வாசிக்கும்போது கிட்டார் தந்திக்கருவியாக இருப்பதை நிறுத்திவிட்டுக் கொட்டாக மாறிவிடுகிறது.

பங்க் என்றதும் சட்டையில் குத்திய ஊக்கும் சாயம் பூசிய சிலிர்த்த முடியும் நினைவுக்கு வருவது வழக்கம். அது லண்டன் துணிக்கடை சமாச்சாரம். இசையாக அலசும்போது பார்க்க வேண்டியது, பாடுகிறவரையும் கிட்டாரையும் அடி எந்த அளவுக்கு ஆள்கிறது என்பதைத்தான். அந்த அளவுகோலை வைத்தால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் வளர்ந்த காது ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்ட காது.

இந்த இரு மாவட்டங்களுக்கும் ராக் இசை நேராக வந்து சேர்ந்ததில்லை. சினிமா வழியாகவே வந்தது. 1982-ல் வந்த 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாட்டில் கேட்கும் கிட்டாரும் டிரம்ஸும்தான் பலருக்கு முதல் ராக் அனுபவம். ஊர்த் திருவிழாக் கச்சேரி மேடையிலும் கீபோர்டு, பேட், பேஸ் கிட்டார் எல்லாம் உண்டு. ஆனால் வாசிக்கப்படுவது சினிமாப் பாட்டு, அதுவும் படத்தில் கேட்டது போலவே. சொந்தப் பாட்டோடு மேடையேறுவதுதான் ராக் குழுவின் முதல் விதி என்பதால் இந்தக் கச்சேரிகளை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

கணக்கில் சேர்க்க வேண்டியவை மேடைக்குக் கீழே ஒலிப்பவை: தப்பு, உருமி, பம்பை. தப்பு எனப்படும் பறையில் இரண்டு குச்சி. நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி ஒரு கையில், குட்டையான தடித்த அடிக்குச்சி மறு கையில். தோலில் ஈரம் ஏறினால் சத்தம் தளர்ந்துவிடும் என்பதற்காக வைக்கோலைக் கொளுத்திச் சூடு காட்டி முறுக்கேற்றுவார்கள். ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, சப்பரத்து அடி என்று ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் அடி உண்டு. காலத்தோடு சேர்ந்து 'சினிமா அடி', 'ஜாயிண்ட் அடி' என்பவையும் அந்தப் பட்டியலில் ஏறிக்கொண்டன. உருமியின் சங்கதி வேறு. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறு முகத்தை அடிப்பார்கள். தேய்க்கும்போது எழும் உறுமல் சுத்தமான ஸ்வரம் அல்ல; கரகரத்து நெளிந்து வயிற்றுக்குள் இறங்கும் ஒலி. ராக் கிட்டார்க்காரர்கள் மின்பெட்டியைத் திருகி வரவழைக்கும் டிஸ்டார்ஷன் என்பதும் கிட்டத்தட்ட அதுவேதான். ஒலியை வேண்டுமென்றே அழுக்காக்கி அதிலிருந்து வேகம் எடுப்பது இரண்டுக்கும் பொது.

ஒன்றை மறைத்துவிட்டு இந்த ஒப்பீட்டை நீட்டக் கூடாது. தப்படிப்பது பல ஊர்களில் கலைஞர் விரும்பி எடுத்த தொழிலாக இருந்ததில்லை. சாதி கட்டாயப்படுத்திய சாவு வேலையாக இருந்தது. அதனாலேயே தமிழகத்தின் பல இடங்களில் பறையைத் தூக்கி எறிந்த தலைமுறையும் உண்டு, அதைச் சுயமரியாதையின் அடையாளமாகத் திரும்ப எடுத்த தலைமுறையும் உண்டு. திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு பெண்கள் பறையடித்து ஆடியதும், மணிமாறனின் புத்தர் கலைக்குழு சாவுக்குப் பறையடிப்பதை மறுத்து மேடையில் அடித்ததும் அந்த இரண்டாவது வகை. இழிவாகச் சொல்லப்பட்டதை எடுத்து நெஞ்சில் குத்திக்கொள்ளும் அந்தச் செயலுக்கு மேற்கில் வைத்த பெயர்தான் பங்க். அந்தச் சொல்லே ஒரு காலத்தில் வசவுதான்.

ஆகவே தப்பு கேட்ட காதுக்கு முதல் பரிந்துரை லண்டன் தமிழச்சி எம்.ஐ.ஏ. 2007-ல் வெளியிட்ட 'கலா'. மாதங்கி அருள்பிரகாசம் என்ற இவர் யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரினால் லண்டனுக்கு அகதியாகப் போனவர். ராப் பாடகி என்றே பெரும்பாலும் வகைப்படுத்துகிறார்கள். அது முழு உண்மையல்ல. எலாஸ்டிகா என்ற ராக் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்தபடி இசைக்குள் நுழைந்தவர் அவர். நுழைந்த வாசல் அவர் தட்டுகளில் தெரியும். 'கலா'வை அமெரிக்காவில் பதிவு செய்வதாகத்தான் திட்டம். விசா கிடைக்காமல் போகவே இந்தியா, டிரினிடாட், ஆஸ்திரேலியா என்று அலைந்து பதிவு செய்தார். அந்த அலைச்சலில் சென்னையும் ஒரு நிறுத்தம்.

தட்டின் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. அது தொடங்குவது மாடர்ன் லவர்ஸ் என்ற பாஸ்டன் குழுவின் 'ரோட்ரன்னர்' பாட்டின் சொற்களை மேற்கோள் காட்டி. பங்க் என்ற பெயர் புழங்குவதற்கு முன்பே எழுதப்பட்டு, பிறகு பங்க் குழுக்கள் எல்லாம் தங்கள் முன்னோராக ஏற்றுக்கொண்ட பாட்டு. இரவில் நெடுஞ்சாலையில் வானொலியைத் திறந்துவிட்டு வண்டி ஓட்டும் இன்பம், அவ்வளவுதான் அதன் விஷயம். அந்தச் சொற்களுக்குக் கீழே எம்.ஐ.ஏ. ஓடவிட்டிருக்கும் கொட்டு இளையராஜாவுடையது: 1991-ல் வந்த 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இரவுப் பேருந்தில் பெரம்பலூரைத் தாண்டும் பயணிக்கு இதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படாது. ரயில் வராத அந்த ஊரில் நெடுந்தூரப் பயணம் என்றாலே பேருந்தும், பேருந்து என்றாலே ஓட்டுநர் தலைக்கு மேலிருக்கும் ஸ்பீக்கரும்தான். பாஸ்டன்காரரின் வானொலியும் அந்த ஸ்பீக்கரும் ஒரே பாட்டுக்குள் சந்தித்துக்கொள்கின்றன.

அதே தட்டின் 'பேர்ட் ஃப்ளூ' இன்னும் முரட்டுத்தனமானது. சென்னையில் உருமி மேளக்காரர்களை வைத்துப் பதிவானது. 2003-ல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டிலிருந்தும் ஒரு துண்டு அதில் இருக்கிறது. மெட்டு என்று சொல்ல ஏதுமில்லை. கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், உருமி விடாமல் உறுமுகிறது, குரல் அதன்மேல் ஏறி மிதிக்கிறது. மேற்கத்திய விமர்சகர்கள் இதைப் புதுமை என்று கொண்டாடினார்கள். ஆடி மாதக் கோயில் வாசலில் நின்றவர்களுக்கு இதில் புதுமை குறைவு, பரிச்சயம்தான் கூடுதல். அடுத்து 2010-ல் வந்த 'பார்ன் ஃப்ரீ' பாட்டில் சூசைட் என்ற நியூயார்க் குழுவின் 'கோஸ்ட் ரைடர்' பாட்டின் இசையைச் சுழலவிட்டிருக்கிறார். அது பங்க்கின் உச்ச வேகம். பழகிய பிறகு கேட்பது நல்லது.

இரண்டாவது பரிந்துரை சென்னையின் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 2017-ல் உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மேடையில் 19 பேர். ஒரு ராக் குழுவுக்கு நான்கு அல்லது ஐந்து பேர் போதும் என்பது உலக வழக்கம். 19 என்பது கிட்டத்தட்ட இரண்டு கிரிக்கெட் அணி.

இந்தக் கூட்டத்தில்தான் குழுவின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், கிட்டார், பேஸ், மேற்கத்திய டிரம்ஸ், அவற்றோடு பறை, சட்டி, கட்டமேளம். பறையின் 'சுள்'ளென்ற மேல் ஒலியும் டிரம்ஸில் இருக்கும் ஸ்னேர் ஒலியும் காதில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. இரண்டும் ஒரே நேரத்தில் முழு வீச்சில் இறங்கினால் சத்தம் கூடும், அழுத்தம் குறையும். டிரம்ஸ் ஒதுங்கிக் கீழ்ச்சுருதி அடியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே பறைக்கு வழிவிடும் பாட்டுகளில் குழு அசைக்க முடியாதபடி நிற்கிறது. கிட்டார் பல இடங்களில் அமுங்கிப் போகிறது என்பது ராக் ரசிகர்களின் குறை. அது குறைதானா என்பது சந்தேகம். இங்கே கிட்டாருக்குக் கொடுக்கப்பட்ட வேலை ஜானி ராமோன் கொடுத்த அதே வேலை. முன்னால் வந்து நிற்பதல்ல, தாளத்துக்கு முட்டுக் கொடுப்பது.

ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் இசைவாணி வந்தது இந்தக் குழுவின் பெரிய சாதனை. சபரிமலைக்குப் பெண்கள் போவதைப் பற்றிய 'ஐ ஆம் சாரி ஐயப்பா' பாட்டை அவர் பாடும் தொனியில் கோபத்தைவிடக் கேலிதான் தூக்கலாக இருக்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைகிற குரல். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ராப் பாடகர் அறிவைத் தனிப்பாடகராக உலகம் அறிந்ததும் இங்கிருந்து கிளம்பித்தான்.

குழு பாடும் வடசென்னைப் பேச்சு பெரம்பலூர்ப் பேச்சல்ல. சில சொற்களுக்கு உள்ளூரில் உரை தேவைப்படும். இட ஒதுக்கீட்டைப் பற்றிய 'கோட்டா' பாட்டுக்கு மட்டும் அது தேவையில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் வாங்கியும் நீட் தேர்வால் மருத்துவப் படிப்பு கிடைக்காமல் 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். கீழ்ப்பாக்கம் கச்சேரி நடந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. அந்தப் பாட்டைச் சென்னையில் கேட்பதும் குழுமூர்ப் பக்கம் கேட்பதும் ஒன்றாக இருக்க முடியாது.

தூரக் கணக்கில் மிக அருகில் இருப்பதோ கிட்டாரே இல்லாத பங்க். திருச்சியைச் சேர்ந்த கோவனும் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாட்டுக் குழுவும் தெருமுனையில் பறையை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் பாடிவருகிறார்கள். பாட்டைத் தாங்களே எழுதி, தாங்களே ஒலிநாடாவாக்கி, தாங்களே விற்றார்கள். லண்டன் பங்க் குழுக்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட தன்முயற்சி இதுதான். டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகக் கோவன் 2015 அக்டோபர் 30 அன்று தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977-ல் ராணியைக் கிண்டல் செய்து பாடியபோது பிபிசி அந்தப் பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. இசையாக மட்டும் எடைபோட்டால், இந்தக் குழுவின் மெட்டுகளில் நாட்டுப்புற வார்ப்பு திரும்பத் திரும்ப வந்து அலுப்புத் தட்டும். ஆனால் சொல்லும் அடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் இறுக்கத்தில் அவர்களை விஞ்சும் ராக் குழு தமிழில் குறைவு.

மற்ற இந்தியக் குழுக்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பெங்களூரின் அகம், கர்நாடக இசையையும் ராக்கையும் கலப்பதில் கெட்டிக்காரர்கள். சபா கேட்ட காதுக்கு உகந்தது, தப்பு கேட்ட காதுக்குச் சற்று மொழுமொழுப்பு. கேரளத்தின் அவியல் 2008-ல் வெளியிட்ட முதல் தொகுப்பு மலையாளத்தில் ராக் எவ்வளவு இயல்பாக உட்காரும் என்று காட்டியது. தர்புகா சிவாவின் லா பொங்கல் பாடிய 'வண்டியில நெல்லு வரும்', நாட்டுப்பாட்டைக் கெடுக்காமல் கிட்டாரோடு சேர்த்ததற்கு நல்ல மாதிரி. டெல்லியின் இந்தியன் ஓஷன் மட்டும் நின்று கேட்க வேண்டிய குழு. 2009-ல் மறைந்த அசீம் சக்ரவர்த்தி தபேலாவை வாசித்துக்கொண்டே பாடுவார். தாளமும் குரலும் ஒரே உடம்பிலிருந்து வரும் அந்த அதிசயத்துக்காகவே 2000-ல் வந்த 'கந்தீசா' தொகுப்பைத் தேட வேண்டும். அதிலுள்ள 'மா ரேவா' நர்மதை ஆற்றின் பாட்டு. குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் ராகுல் ராம், நர்மதை காப்போம் இயக்கத்தில் வேலை செய்தவர்.

கடைசியாக தி கிளாஷ். இதையே முதலில் கேட்கச் சொல்வது மேற்கத்திய வழக்கம். இங்கே கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 'கலா'வைக் கேட்டவர் இந்த லண்டன் குழுவின் ஒரு பாட்டைத் தெரியாமலே கேட்டிருப்பார். அத்தொகுப்பில் உலகப் புகழ் பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது, கிளாஷ் 1982-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசைதான். வேலை தேடி வந்த இடத்தில் வேண்டாதவர்களாகிப் போனவர்களையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றிய பாட்டு அது. விசா மறுக்கப்பட்ட அகதிப்பெண் அதைத் தேடி எடுத்ததில் ஆச்சரியமில்லை. பங்க் என்று நம்பிக் கேட்டால் ஏமாற்றும். வேகம் கிடையாது, கூச்சல் கிடையாது. டாப்பர் ஹெடன் அடிக்கும் ஒரு தாளம் சிணுங்கிக்கொண்டே போகும். இடையிடையே நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு கனத்த 'தும்' விழும். அந்த ஒலி வழக்கமான அடியில் வரவில்லை என்பதால், பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் லெமனேட் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றி, பெரிய டிரம்மின் முன்தோலில் ஓங்கி அடித்துப் பதிவு செய்தார்.