மேக்ரோவை விலக்கிய மெசா

கணிப்பொறித் திரையில் ஒரு முப்பரிமாணக் காட்சி விரியும்போது, அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரலுக்கு ஷேடர் என்று பெயர். அதை வரைகலைச் சில்லுக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருவது ஷேடர் கம்பைலர். மெசா என்னும் திறந்தமூல மென்பொருளில் உள்ள அத்தகைய கம்பைலரில் 2018-இல் ஒரு மாற்றம் நடந்தது. அது சரிதானா என்று பார்ப்போம்.

மெசாவின் இடைநிலை மொழி என்.ஐ.ஆர். ‘நினைவகத்திலிருந்து எடு’, ‘இப்புள்ளியைக் கைவிடு’ போன்ற தனிவகை ஆணைகளின் பட்டியல் ஒன்று அதற்கு உண்டு. அந்த ஒரே பட்டியலிலிருந்து ஆணைகளின் எண்வரிசையும் விவர அட்டவணையும் பிறக்க வேண்டும். இதற்கு ‘சி’ மொழியின் மேக்ரோ கைகொடுத்தது. மேக்ரோ என்பது, கம்பைலர் படிக்குமுன் ஒரு சொல்லின் இடத்தில் வேறு வரிகளை வைத்துவிடும் ஏற்பாடு. பட்டியல் கோப்பை வெவ்வேறு இடங்களில் சேர்த்து, ஒவ்வோரிடத்திலும் மேக்ரோவுக்கு வேறு பொருள் கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனந்தான், மறுக்கவில்லை.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? ஆணை ஒன்றுக்குப் பதினோரு இடங்களை நிரப்ப வேண்டும்! நிபந்தனையின்பேரில் புள்ளியைக் கைவிடும் ஆணைக்கு உள்ளீடு ஒன்றே ஒன்று. ஆயினும் அதன் வரியில் வரிசையாகச் சுழிகள். நடுவே ‘எக்ஸ்எக்ஸ்’ என்ற வெற்றுக்குறி மூன்று. ஏழாம் இடத்துச் சுழி எதைக் குறிக்கிறது? விரல்விட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டும். (தலைப்பில்லாத அட்டவணையோடு ஆய்வகக் குறிப்பேட்டை நீட்டும் மாணவருக்கு நான் கையெழுத்திடுவதில்லை.)

பைத்தானில் அதே ஆணைக்குப் பெயரும் உள்ளீட்டின் அளவும் போதுமானவை. உள்ளீடுகளின் எண்ணிக்கையைப் பைத்தானே எண்ணிக்கொள்ளும். ஒரே பெயரை இருமுறை கொடுத்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். பிறகு மேகோ என்னும் வார்ப்புருக் கருவி சி கோப்புகளை எழுதித் தருகிறது.

இதிலும் குறை உண்டு. சி, பைத்தான், வார்ப்புரு என மூன்றும் ஒரே கோப்பில் கலந்திருப்பது புதியவரை மிரட்டும். ஆணையின் முழுப்பெயரைத் தேடினால் அது அறிவிக்கப்பட்ட இடம் மூலநிரலில் அகப்படாது என்பார்கள். உண்மை, ஆனால் மேக்ரோவும் பெயரை ஒட்டுப்போட்டே உருவாக்கியது. இப்போதோ, பிறந்த கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கலாம்.

என் குறையெல்லாம் வேறு. என்.ஐ.ஆரின் கணித ஆணைகளுக்கு 2015-லேயே பைத்தான் பட்டியல் வந்துவிட்டது. கருவி கையில் இருக்கும்போது, இந்தப் பட்டியல் நீண்டு வளரும்வரை மூன்றாண்டுகள் ஏன் காத்திருந்தார்கள்?